வானம் பார்க்க யார் கூலி கொடுத்தது?

இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் இன்று பெங்களூரில் இருக்கிறது. ஆனால் அது தன் வம்சாவளியை எழும்பூரிலிருந்து எண்ணுகிறது. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் வில்லியம் பெட்ரி, எழும்பூரில் தான் குடியிருந்த இடத்திலேயே இரும்பும் மரமும் கொண்டு ஒரு சிறு வானோக்கு நிலையம் எழுப்பினார். மூன்று அங்குலத் தொலைநோக்கிகள் இரண்டு, ஊசல் கடிகாரங்கள் இரண்டு, விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறிக்கும் கருவி ஒன்று. அவ்வளவுதான் முதல். அங்கிருந்து நுங்கம்பாக்கம், கொடைக்கானல், காவலூர், லடாக்கின் ஹான்லே என்று கிட்டத்தட்ட 240 ஆண்டுகளாக ஒரு கோடு அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வரலாற்றைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரே ஒரு கேள்வி என்னை விடவில்லை. யார் செலவில்? பெட்ரிக்கு அது சொந்த ஆசை, சொந்தப் பணம். அவருக்குப் பிறகு? நட்சத்திரம் பார்ப்பதற்காக எந்த அரசும் இரண்டு நூற்றாண்டு சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்காது. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கட்டத்திலும் பணம் வேறொரு தேவைக்காக வந்திருக்கிறது. ஒருமுறை கப்பலுக்காக, ஒருமுறை நில அளவைக்காக, ஒருமுறை பஞ்சத்துக்காக. அந்தப் பணத்தின் இடுக்கில் புகுந்து சிலர் வானத்தைப் பார்த்துவிட்டார்கள்.

முதலில் கப்பல். அந்நாளைய சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அலையை உடைத்துக்கொண்டு மசூலாப் படகுகள் போய் ஆளையும் சரக்கையும் ஏற்றி வரும். சோழமண்டலக் கரையின் வரைபடங்கள் நம்பத்தகுந்தவையாக இல்லை. கரை இருக்கும் இடமே வரைபடத்தில் தவறாக இருந்தால், இரவில் வரும் கப்பல் எங்கே போய் மோதும் என்று யார் சொல்வது? இந்தக் கரையை அளக்கும் பணி மைக்கேல் டாப்பிங் என்ற அளவையாளரிடம் இருந்தது. ஓர் இடத்தின் தீர்க்கரேகையைச் சரியாகக் கண்டுபிடிக்க அன்று அவருக்கு இருந்த நல்ல கடிகாரம் வானத்தில்தான் இருந்தது. வியாழனின் துணைக்கோள்கள் அதன் நிழலுக்குள் நுழைந்து மறையும் கணத்தை இங்கே உள்ளூர் நேரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அதே நிகழ்வின் கிரீனிச் நேரத்தோடு ஒப்பிட வேண்டும். நான்கு நிமிட வித்தியாசத்துக்கு ஒரு பாகை தூரம். நான்கு வினாடி பிசகினால் நிலத்தில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் பிசகு. ஒரே ஒரு இரவின் கணக்கை நம்பி வரைபடம் போட முடியாது, திரும்பத் திரும்பப் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். அதற்கு அசையாத ஓர் இடமும், அங்கே நிரந்தரமாக உட்கார்ந்திருக்க ஒரு மனிதனும் தேவை.

பெட்ரி ஊருக்குப் புறப்படும்போது கருவிகளைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். 1792இல், சார்லஸ் ஓக்லி ஆளுநராக இருந்தபோது, டாப்பிங்கின் திட்டப்படி நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. நடுவில் சுமார் பத்து டன் எடையுள்ள ஒற்றைக் கருங்கல் தூண், பதினைந்து அடி உயரம். கட்டடம் அதிர்ந்தாலும் கருவி அதிரக்கூடாது என்பதற்காகத் தனியே நிறுத்திய தூண் அது. அதன்மேல் லத்தீன், தமிழ், தெலுங்கு, பாரசீக எழுத்துகளில் நிலையம் எழுந்த செய்தியைப் பொறித்து வைத்தார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர்களும் படிக்க வேண்டும் என்பது எண்ணம். கல்வெட்டு வெட்டுவது நம் ஊருக்குப் புதிதல்ல. பாண்டியனும் பல்லவனும் செய்த காரியத்தைக் கம்பெனியும் செய்துகொண்டது.

அந்தத் தூண் இன்றும் இருக்கிறது. கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்துக்குள். கார்த்திகை மாதத்துப் புயல் நாட்களில் தொலைக்காட்சிக் கேமராக்கள் வரிசைகட்டி நிற்குமே, அதே வளாகம். கட்டடம் எப்போதோ போய்விட்டது, தூண் மட்டும் திறந்த வெளியில் நிற்கிறது. சென்னையில் எதையெதையோ பாரம்பரியம் என்று சொல்லி அழைத்துப்போய்க் காட்டுகிறோம். இதை எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்போம் என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

டாப்பிங் 1796இல் இறந்துவிட்டார். இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அளவை வேலைக்கு ஆள் போதாமல் எட்டுப் பையன்களை வைத்து ஒரு பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளிதான் வளர்ந்து வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. அங்கே படித்தவர்களில் பலருக்கு அதன் மூலவேர் ஒரு வானோக்கு நிலையத்தின் நிழலில் இருக்கிறது என்று தெரியாது.

அடுத்து வந்த ஜான் கோல்டிங்ஹாம் நிறைய வேலைகளை ஒரே ஆளாக இழுத்துப்போட்டுக்கொண்டவர். இன்றைய ராஜாஜி மண்டபத்துக்கு வரைபடம் போட்டவரும் அவரே. 1796லிருந்து தட்பவெப்பக் குறிப்புகளை ஒழுங்காக எழுத ஆரம்பித்தார். "நுங்கம்பாக்கத்தில் இன்று இத்தனை மில்லிமீட்டர்" என்று நாம் கேட்கும் செய்தியின் பாட்டன் அந்தக் குறிப்பேடு. 1820களின் தொடக்கத்தில் அவர் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிப்பார்கள். நிலையத்தின் மாடியிலிருந்து வெளிச்சம் தெரிந்த கணத்துக்கும் சத்தம் வந்து சேரும் கணத்துக்கும் இடைப்பட்ட வினாடிகளை எண்ணுவார்கள். தூரம் ஏற்கெனவே தெரியும். வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்துக் குறித்து, மாதத்துக்கு மாதம் ஒலியின் வேகம் எப்படி மாறுகிறது என்று அவர் லண்டனுக்கு எழுதினார். ஊரே வெறும் பீரங்கிச் சத்தம் என்று கேட்டுவிட்டுப்போன ஒன்று இயற்பியல் ஆனது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்து, நாட்டையே முக்கோணங்களின் வலையாக அளக்கும் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கியபோது, அந்த வலைக்கு வானத்தோடு இருந்த முடிச்சு நுங்கம்பாக்கத்தில் இருந்தது. இந்தியா முழுவதன் தீர்க்கரேகைக் கணக்கும் சென்னையை வைத்தே ஓடியது. நேரமும் அப்படித்தான். கிரீனிச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முன்னே ஓடிய 'மெட்ராஸ் டைம்' நாட்டின் ரயில்களை நடத்தியது. 1906 ஜனவரி 1 அன்று இந்திய நேரம் வந்த பிறகே அது ஓய்ந்தது. பம்பாயில் ரயிலைப் பிடிக்க ஓடியவர் நுங்கம்பாக்கத்து நட்சத்திரக் கணக்குக்குக் கட்டுப்பட்டு ஓடினார்.

1830இல் வந்த தாமஸ் கிளான்வில் டெய்லர் 11,015 விண்மீன்களின் இடங்களைக் கணக்கிட்டு 1844இல் அட்டவணையாக வெளியிட்டார். சென்னை ஐப்பசியின் மேகத்தையும் சித்திரையின் புழுக்கத்தையும் தாண்டி ஒவ்வொரு நட்சத்திரமாக. இதைப் பற்றி நீட்டி எழுத என்னிடம் கதை இல்லை. அட்டவணை போடுபவர்களிடம் கதை இருக்காது, எண் மட்டும் இருக்கும்.

அவருக்குப் பின் வந்த கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் செய்த காரியம் வேறு தினுசு. பாம்பாட்டி விண்மீன் தொகுப்பில் இரட்டை நட்சத்திரம் ஒன்று உண்டு. 70 ஒஃபியூக்கி என்று பெயர். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவரும் பாதை கணக்கோடு ஒத்துவரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருந்து இழுக்கிறது என்று 1855இல் அவர் எழுதினார். வேறொரு சூரியனுக்குக் கோள் இருக்கிறது என்று கருவியும் கணக்கும் வைத்து ஒருவர் சொன்ன முதல் தருணங்களில் அது ஒன்று. அந்தக் கோள் இல்லை என்று பின்னால் நிரூபணமானது. சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் உறுதியாகக் கிடைக்க 1995 வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் 140 ஆண்டுகளுக்கு முன்பே, மின்விளக்கே வராத நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் அந்தக் கேள்வியைச் சரியான முறையில் கேட்டிருக்கிறார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

1861இல் நார்மன் போக்சன் வந்தார். இங்கே நான் கொஞ்சம் நின்றுதான் போவேன்.

விண்மீன்களின் ஒளியை அளக்க இன்று உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல் போக்சனுடையது. ஐந்து படி இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும் என்று அவர் 1856இல், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோதே வகுத்துவிட்டார். ஒரு படிக்கு 2.512 மடங்கு. அப்படிப்பட்டவர் சென்னைக்கு வந்த சில வாரங்களில், ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். தொடர்ந்து சாப்போ, சில்வியா என்று பட்டியல் நீண்டது. 1866இல் அவர் கண்ட சில்வியாவைச் சுற்றி இரண்டு துணைக்கோள்கள் ஓடுவது 2005இல் தெரியவந்தது. இரட்டைத் துணைகளோடு அறியப்பட்ட முதல் சிறுகோள் அது. நுங்கம்பாக்கத்தில் ஓர் ஒளிப்புள்ளியாக அவர் கண்டது ஒரு குடும்பமாக இருந்திருக்கிறது.

1868 ஆகஸ்ட் 18இன் முழுச் சூரிய கிரகணம் ஆந்திரக் கரையைக் கடந்தது. பிரெஞ்சுக்காரர் ஜான்சன் குண்டூரில் இருந்தார், போக்சன் மசூலிப்பட்டினத்தில். சூரியனின் தழல் நாக்குகளை, ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நிறமாலைக் கருவியில் பார்த்தபோது மஞ்சள் பகுதியில் ஒரு கோடு. சோடியத்தின் கோட்டுக்கு அருகே இருந்தும் அதோடு சரியாகப் பொருந்தாத கோடு. பின்னால் ஹீலியம் என்று பெயர்பெற்ற தனிமத்தின் முத்திரை அது. போக்சன் அந்தப் பொருத்தமின்மையைத் தன் அறிக்கையில் குறித்தார். அறிக்கை சென்னையில் அச்சாகிச் சென்னையிலேயே நின்றுவிட்டது. ஐரோப்பிய இதழ்களில் வராத எதுவும் அன்று நடந்ததாகவே கணக்கில்லை. ஹீலியத்தின் கதையைச் சொல்லும் எத்தனையோ பேர் ஆங்கிலேய வானியலாளர் லாக்யரின் பெயரையும் ஜான்சனின் பெயரையும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். மசூலிப்பட்டினத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1872 நவம்பர் இறுதியில் ஜெர்மனியின் வானியலாளர் கிளிங்கர்ஃபியூஸிடமிருந்து போக்சனுக்கு ஒரு தந்தி வந்தது. பியெலா வால்மீன் 27ஆம் தேதி பூமியைத் தொட்டுவிட்டது, தீட்டா சென்டாரி நட்சத்திரத்தின் அருகே தேடு என்று. ஐரோப்பிய வானத்தில் அந்த இடம் அடிவானத்தை ஒட்டிக்கிடக்கும், சென்னையிலிருந்து நன்றாகத் தெரியும். வானம் மூடிக்கிடந்தது. டிசம்பர் தொடக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு நாட்கள் விடியலுக்கு முன் மேகம் சற்று விலகிய இடைவெளியில் போக்சன் ஒரு வால்மீனைப் பார்த்து இடம் குறித்தார். பிறகு மழை. வானம் தெளிந்தபோது அது இல்லை. உலகத்தில் அவரைத் தவிர வேறு எவரும் அதைப் பார்க்கவில்லை. அது பியெலா அல்ல, வேறேதோ ஒன்று என்று பிறகு கணக்குகள் காட்டின. இரண்டு விடியல்களும் ஒரு மனிதனும் மட்டுமே சாட்சியாக இருக்கும் அந்த வால்மீன் இன்றும் வால்மீன் பட்டியலில் இருக்கிறது.

போக்சனின் மகள் ஐசிஸ் அப்பாவின் அலுவலகத்திலேயே கணக்கிடும் வேலை பார்த்தார், பிறகு வானிலைப் பணியையும் கவனித்தார். 1886இல் ராயல் வானியல் சங்கத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பெண் என்பதால் நடக்கவில்லை. 1920இல்தான் உறுப்பினரானார், அப்பா இறந்து 29 ஆண்டுகள் கழித்து.

இந்தக் காலத்து நிலையத்தில் எனக்கு மிக நெருக்கமானவர் போக்சன் அல்ல, அவருடைய முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நுங்கம்பாக்கத்தில் வேலை பார்த்தார். 1867இல், தென்வானில் ரெட்டிகுலம் என்ற சிறு தொகுப்பில், ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்று இன்று அதற்குப் பெயர். ஐரோப்பாவிலிருந்து அந்த நட்சத்திரம் தெரியவே தெரியாது. சென்னையிலும் அது மிக உயரும்போதே அடிவானத்திலிருந்து பதினாலு பாகைதான். கடல் மங்கலுக்குள் தேடிப் பிடித்த நட்சத்திரம். தொலைநோக்கிக் காலத்தில் ஓர் இந்தியர் செய்த முதல் வானியல் கண்டுபிடிப்புகளில் இதை வைக்க வேண்டும். 1872இல் ராயல் வானியல் சங்கத்தில் உறுப்பினரானார்.

அவர் மனம் முழுக்க அலுவலகத்தில் இல்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. இரவு கருவியில் பார்க்கும் கிரகம் ஓரிடத்தில் இருக்கிறது, காலையில் வீட்டில் புரட்டும் பஞ்சாங்கம் அதை வேறிடத்தில் வைக்கிறது. பஞ்சாங்கக் கணக்கைச் சொல்லும் பழைய வாக்கியங்கள் எழுதப்பட்ட காலத்தில் சரியாக இருந்த கணக்குகள் நூற்றாண்டுகள் ஓடியதில் வழுவியிருந்தன. கண்ணால் காணும் வானத்தோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று அவர் திருக்கணிதப் பக்கம் நின்று வாதாடினார், அப்படியே கணித்தும் வெளியிட்டார். 1874 டிசம்பர் 9 அன்று சுக்கிரன் சூரியனின் முகத்தைக் கடந்துபோனது. அது என்ன நிகழ்ச்சி, ஏன் பார்க்க வேண்டும் என்று சாதாரண மக்களுக்கு விளக்கி, ஆங்கிலத்திலும் நம் நாட்டு மொழிகளிலும் சிறு நூல் கொண்டுவந்தார். சம்பளம் கொடுத்தவர்கள் கேட்காத வேலை இது.

வாக்கியமா திருக்கணிதமா என்ற சண்டை இன்னும் முடியவில்லை. 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி என்று ஒரு பக்கம் பரிகாரம் செய்தார்கள். வாக்கியப்படி நாங்கள் 2026இல்தான் கொண்டாடுவோம் என்று திருநள்ளாறு கோயில் சொன்னது. ஒரு கிரகத்துக்கு இரண்டு பெயர்ச்சி. அந்தச் செய்தி வந்த வாரத்தில் நான் ரகுநாதாச்சாரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் 1880 பிப்ரவரியில் காலமானார். அவர் எடுத்த வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது.

இதற்குள் நாட்டில் வேறொன்று நடந்துவிட்டது. 1876லிருந்து 1878 வரை நீடித்த பஞ்சம். நம் ஊரில் தாது வருஷப் பஞ்சம் என்றால் பாட்டிமார் சொல்லிவந்த கதைகளில் இன்றும் குரல் இறங்கும். பல லட்சம் பேர் செத்தார்கள். மழை பொய்த்ததற்குக் காரணம் தேடியவர்களில் சிலர் சூரியனைச் சுட்டினார்கள். சூரியக் கரும்புள்ளிகள் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன, மழையும் அதோடு சேர்ந்து கூடிக் குறைகிறதோ என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லலாம் என்று நம்பினார்கள். பஞ்சக் குழுவின் அறிக்கையும் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஏற்றுமதிக்குத் தானியம் போய்க்கொண்டிருந்ததையும் நிவாரணக் கூலியைக் குறைத்ததையும் விட்டுவிட்டுச் சூரியனிடம் காரணம் கேட்டார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம். ஆனால் கொடைக்கானலுக்குப் பணம் வந்த வழி அதுதான்.

தெற்கு மலைகளில் பெரிய தொலைநோக்கி ஒன்று வேண்டும் என்று போக்சன் 1882இலேயே கேட்டிருந்தார். இடம் பார்க்கும் வேலை சென்னை கிறித்துவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் மிச்சி ஸ்மித்திடம் போனது. அவர் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுக் கொடைக்கானலைச் சொன்னார். 1891இல் போக்சன் இறந்ததும் அவருடைய இடத்துக்கு வந்தவரும் மிச்சி ஸ்மித்தே. அச்சேறாமல் கிடந்த போக்சனின் பல ஆண்டுக் குறிப்புகளை ஒழுங்குசெய்து அச்சிட்டு முடித்தவரும் அவர்தான், அதற்காகவே அவரை மதிக்கிறேன். 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் 1 முதல் நிலையம் இந்திய அரசின் கீழ் வந்தது. மலைக்கு மோட்டார் சாலை வராத காலம். நுங்கம்பாக்கத்துக் கண்ணாடிகளும் பித்தளைக் குழாய்களும் கடிகாரங்களும் மேலே போய்ச் சேர்ந்தது மனிதர்களின் தோளையும் தலையையும் நம்பி. அந்தச் சுமைகாரர்களின் பெயர்கள் எந்த ஆண்டறிக்கையிலும் இல்லை.

1904இலிருந்து கொடைக்கானலில் மேகம் மறைக்காத நாட்களில் எல்லாம் சூரியனைப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பயன்பட்ட ஆறு அங்குலத் தொலைநோக்கி 1850இல், ஜேக்கப் காலத்தில், சென்னைக்கு வாங்கியது. வெள்ளொளிப் படம் தவிர, கால்சியத்தின் ஊதா ஒளியில் மட்டும் சூரியனைப் பிடிக்கும் கருவியும் வந்தது. பின்னர் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியிலும். சூரியனில் காந்தப்புலம் வலுவான இடங்களில் கால்சியம் பளிச்சென்று ஒளிரும். ஆகையால் படம் பதிந்த அந்தக் கண்ணாடித் தட்டுகள் ஒவ்வொன்றும் அந்த நாளின் காந்தப்புல வரைபடம். எடுத்தவர்களுக்கு அது தெரியாது. சூரியனில் காந்தப்புலம் உண்டு என்பதே 1908இல்தான் தெரியவந்தது. இன்று சூரியனின் நூறாண்டு நடத்தையை ஆராய்பவர்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் கொடைக்கானல் தட்டுகளிடம் வந்தே ஆகவேண்டும். இவ்வளவு நீளமான வரிசை உலகத்தில் விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இருக்கிறது.

இது எனக்கு எந்தப் பெரிய கண்டுபிடிப்பையும்விட மேலாகப் படுகிறது. இரண்டு உலகப் போர், அரசு மாற்றம், நிதிக்குறைப்பு, பனிமூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவே யாரோ ஒருவர் காலையில் எழுந்து, குவிமாடத்தைத் திறந்து, தட்டை மாட்டி, படம் எடுத்து, தேதி எழுதியிருக்கிறார். மறுநாள் மறுபடியும்.

பெரிய கண்டுபிடிப்பும் நடந்தது. 1907இல் வந்த ஜான் எவர்ஷெட் கருவிகளைத் தன் கையாலேயே செய்துகொள்ளும் ஆள். கரும்புள்ளி என்பது சுழல் என்று அன்று பலர் எண்ணினார்கள். வாயு சுழன்றால் நிறமாலைக் கோடுகள் எந்தப் பக்கம் நகரும் என்று கணித்துக்கொண்டு 1909 ஜனவரியில் அவர் பார்த்தார். கோடுகள் நகர்ந்தன, ஆனால் சுழலுக்கு உரிய விதத்தில் அல்ல. கரும்புள்ளியின் நடுவிலிருந்து நாலா பக்கமும் விளிம்பை நோக்கி, சூரியப் பரப்போடு ஒட்டியபடி, வினாடிக்கு சுமார் இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வாயு வழிந்துகொண்டிருந்தது. எவர்ஷெட் விளைவு என்று அதற்குப் பெயர். சூரிய இயற்பியல் படிக்கும் எவரும் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய மனைவி மேரியும் தேர்ந்த வானியலாளர், சூரியத் தழல்களைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். மழையை முன்னறிவிக்கும் வித்தை மட்டும் கடைசிவரை கைகூடவில்லை. பஞ்சத்துக்குப் பதில் தேடிக் கட்டிய இடத்தில் சூரியனைப் பற்றிய பதில்கள் கிடைத்தன.

1937இல் ஏ. எல். நாராயண் இயக்குநரானார், அந்த நாற்காலியில் முதல் இந்தியர். அவருக்குப் பின் ஏ. கே. தாஸ். 1960இல், முப்பத்திரண்டு வயதில், வேணு பாப்பு வந்தார்.

பாப்பு 1927இல் சென்னையில் பிறந்தவர். அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானோக்கு நிலையத்தில் வேலை பார்த்ததால் தொலைநோக்கிகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த 1949இல் எடுத்த ஒரு படத்தில் புதிய வால்மீன் சிக்கியது. அதன் பெயரில் பாப்புவின் பெயரும் இருக்கிறது. 1957இல் அமெரிக்க வானியலாளர் ஓலின் வில்சனோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, ஒரு நட்சத்திரத்தின் நிறமாலையில் கால்சியக் கோட்டின் அகலத்தை அளந்தாலே அதன் உண்மையான ஒளித்திறனைச் சொல்லிவிடலாம் என்று காட்டியது. அமெரிக்காவில் தங்கியிருக்கலாம். திரும்பி வந்தார்.

கொடைக்கானல் சூரியனுக்கு நல்ல இடம். இரவு வானத்துக்கு அங்கே மேகம் அதிகம். பாப்பு வேறு இடம் தேடினார். ஜவ்வாது மலையில், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் வரும் காவலூர். சந்தனமரக் காடு. உயரம் 700 மீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் 12 பாகை அட்சரேகை என்பதால் வடவானமும் தென்வானத்தின் பெரும்பகுதியும் ஒரே இடத்திலிருந்து கிடைக்கும். 1968இல் உள்நாட்டிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி அங்கே நின்றது. 1972இல் ஜெர்மனியின் யேனா நகரிலிருந்து ஒரு மீட்டர் கருவி வந்தது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் கருவியோடு காத்திருந்தார்கள். கோள் நெருங்குமுன்பே நட்சத்திரத்தின் ஒளி சில வினாடிகள் பொசுக்கென்று மங்கி மீண்டது. புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று எழுதினார்கள். விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவுக்குப் பல மங்கல்கள் கிடைத்தன, கோளின் இரு புறமும் ஒத்துப்போயின. வளையங்கள்! சனிக்கு மட்டுமே வளையம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த நாள் அன்றோடு முடிந்தது. காவலூர் பார்த்ததும் அந்த வளையங்களில் ஒன்றைத்தான்.

பாப்புவின் பெருங்கனவு 2.34 மீட்டர் தொலைநோக்கி. வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்குவதில்லை என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். கண்ணாடியை நிறுவனத்தின் பட்டறையிலேயே தேய்த்து மெருகேற்றினார்கள். தாங்கும் சட்டகத்தை வால்சந்த்நகர் ஆலை செய்தது. இதற்கு முன் நாட்டில் யாரும் செய்யாத அளவு. 1971இலேயே நிறுவனத்தைத் தன்னாட்சி அமைப்பாக ஆக்கியிருந்தார். 1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். 1982 ஆகஸ்ட் 19 அன்று மியூனிக்கில் இறந்தார், வயது 55. தொலைநோக்கி முடியவில்லை. கூட இருந்தவர்கள் முடித்தார்கள். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு வேணு பாப்பு பெயரைச் சூட்டித் திறந்துவைத்தார். பெட்ரி எழும்பூரில் கருவி நிறுத்தி 200 ஆண்டுகள்.

இங்கேதான் என் கேள்விக்குப் பதில் மாறுகிறது. கப்பலையும் பஞ்சத்தையும் ரயிலையும் காரணம் காட்டாமல், நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஓர் ஏழை நாடு தன் மக்களின் வரிப்பணத்தில் தானே கண்ணாடி தேய்த்தது. இது வீண்செலவு என்று சொல்பவர்களை நான் நேரிலும் சந்தித்திருக்கிறேன். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பட்டறையில் பழகிய கைகள் வளர்ந்துதான், 2023 செப்டம்பரில் ஆதித்யா எல்-1 விண்கலத்தில் ஏறிப்போன சூரிய வளிமண்டலக் கருவி அதே நிறுவனத்திலிருந்து வந்தது.

1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் காவலூரில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவிலிருந்து போக்சனுக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்து விட்ட இடத்தில் தொடர்ந்த பட்டியல் அது.

புதிய கருவிகள் இப்போது ஹான்லேக்குப் போகின்றன. 4,500 மீட்டர் உயரம், வறண்ட காற்று, மை போன்ற இருட்டு. அங்கே உள்ள இரண்டு மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். 2022இல் ஹான்லேயைச் சுற்றி இருள்வான் காப்பகம் அறிவித்தார்கள். கிராமத்து விளக்குகளுக்கு மூடி போட்டார்கள், உள்ளூர் இளைஞர்களுக்கு வானம் காட்டும் பயிற்சி கொடுத்தார்கள்.

காவலூருக்கு அது நடக்கவில்லை. வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூரும் வளர்கின்றன, வளரட்டும். ஆனால் கீழே தரையில் விழ வேண்டிய வெளிச்சத்தை மேலே வானத்துக்கு வீசும் விளக்குகளால் யாருக்கு லாபம்? மலையைச் சுற்றிய ஊராட்சிகளில் தெருவிளக்குகளுக்கு மேல்மறைப்பு போடுவது, நள்ளிரவுக்குப் பின் விளம்பர விளக்குகளை அணைப்பது, வெள்ளை ஒளிக்குப் பதில் மஞ்சள் ஒளி மாட்டுவது. மூன்றும் மாவட்ட ஆட்சியர் அளவில் முடிகிற காரியங்கள். மின்கட்டணமும் குறையும். ஆலங்காயத்தில் பஸ் ஏறி மலைக்குப் போய், சனிக்கிழமை மாலை வரிசையில் நின்று, முதல்முறையாகச் சனியின் வளையத்தைப் பார்க்கும் பிள்ளைகளுக்காகவாவது இதைச் செய்ய வேண்டும். திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்கள் இதைப் படித்தால் அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.